தொழிற்பாடத்தின் மதிப்பை எதைக்கொண்டு அளப்பது?

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வரும் சாலை காரவள்ளியில் சமதளத்தை விட்டு ஏறத் தொடங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே கொல்லிமலை. அங்கே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள், மிளகுக்கொடி ஏறிய மரங்கள், காப்பி, பலா, அன்னாசி, மரவள்ளிக் காடுகள். கீழே லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், கோழிப்பண்ணைகள், திருச்செங்கோட்டின் ரிக் வண்டித் தொழில், மரவள்ளியை வாங்கி அரைக்கும் சேகோ ஆலைகள். காரவள்ளி இந்த இரண்டு பொருளாதாரங்களும் சந்திக்கும் இடம். அந்தப் பக்கத்துப் பிள்ளை மேல்நிலையில் வேளாண் அறிவியல் பிரிவிலோ, பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், வெல்டர் பிரிவிலோ சேர்ந்தால், தான் படிக்கும் பாடங்களை எவ்வளவு மதிக்கும்? அதை வெளியிலிருந்து ஒருவர் எப்படி அளந்து சொல்ல முடியும்?

முதல் கேள்விக்குக் கொள்கை வகுப்போர் ஏறக்குறைய நூறாண்டுகளாகப் பதில் சொல்லி வருகிறார்கள். இரண்டாவதை உளவியலாளர்கள் ஏறக்குறைய அதே காலமாகத் துருவுகிறார்கள். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் அதிகம் படித்ததாகத் தெரியவில்லை. இக்கட்டுரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது: மாணவர் ஒரு பாடத்துக்குத் தரும் மதிப்பெனப் பதிவாவதில் கணிசமான பங்கு, அந்தப் பாடம் திறந்துவிடும் வழிகளைப் பற்றி அவர் செய்யும் கணிப்பு. அதை வெறும் மனப்பாங்காக வாசித்தால் பழி தவறான இடத்தில் விழும்.

கைத்தொழிலே மதிப்பைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கை

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடும், அதையொட்டி ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவும் ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதைச் சுற்றி அமைக்கச் சொன்னன. தன் கையால் விளைந்த பொருளைப் பிள்ளை மதிக்கும், அந்த மதிப்பு கணக்குக்கும் மொழிக்கும் பரவும் என்பது காந்தியின் ஆதாரக் கல்வியின் உள்ளுணர்வு. தமிழ்நாட்டில் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம் இந்த வழியில் நடந்த முக்கிய முயற்சிகளில் ஒன்று. இதன் பலவீனம் கருத்தில் இருந்ததைவிடச் சூழலில் இருந்தது. பக்கத்து ஊரில் ஆங்கில உயர்நிலைப் பள்ளி அப்படியே இருக்க, நூற்பும் நெசவும் ஏழைப் பிள்ளைக்கு மட்டும் என்று ஆனபோது, பெற்றோர் இரண்டையும் ஒப்பிட்டுத் தங்கள் முடிவை எடுத்தார்கள்.

அந்த ஒப்பீடு தமிழ்நாட்டில் அரசியலாகவே வெடித்தது. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதைப் பெற்றோரின் தொழிலில் கழிக்கும்படி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று அழைத்து எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. இந்த நினைவு இன்னும் உயிரோடு இருக்கிறது. கைவினைஞருக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைக் குடும்பத் தொழில் என்ற நிபந்தனைக்காகத் தமிழ்நாடு 2024இல் ஏற்க மறுத்ததும் இதே தொடர்ச்சியில்தான் வருகிறது. ஆகவே தமிழ்நாட்டில் ஒரு மாணவர் தொழிற்பாடத்தைத் தாழ்வாக மதிப்பிட்டால், அதைச் சோம்பல் என்றோ உடலுழைப்பின் மேல் வெறுப்பு என்றோ உடனே எழுதிவிட முடியாது. தன் பாட்டன் செய்த வேலைக்கே தன்னைத் திருப்பி அனுப்பும் பாடமா இது என்ற நியாயமான ஐயமும் அதில் கலந்திருக்கும்.

இருந்தும் கொள்கை ஆவணங்கள் பழைய நம்பிக்கையையே கொண்டு நடந்தன. கோத்தாரி ஆணையம் (1964–66) வேலை அனுபவத்தையும் மேல்நிலையில் தொழிற்கல்வியையும் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் உடன் வந்தது. அதே ஆண்டில் மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசியக் குழு மேல்நிலைக் கல்வியைத் தொழில்மயமாக்குவது பற்றி அறிக்கை தந்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவரில் 1990க்குள் 10 விழுக்காட்டினரும் 1995க்குள் 25 விழுக்காட்டினரும் தொழிற்பிரிவில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இலக்குகள் எட்டப்படாமல் தள்ளிப்போயின. 19 முதல் 24 வயது வரையிலான உழைப்பாளரில் முறையான தொழிற்கல்வி பெற்றோர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்ற பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்ட மதிப்பீட்டை 2020ஆம் ஆண்டின் கொள்கை எடுத்தாள்கிறது. அதே பத்தி ஜெர்மனிக்கு 75, தென்கொரியாவுக்கு 96 என்ற எண்களையும் தருகிறது. ஊரகப் பகுதிகளில் 14–18 வயதினரிடையே 2023இல் நடந்த அசர் கல்விநிலை ஆய்விலும் தொழிற்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்கள் 5.6 விழுக்காட்டினரே.

இந்த ஆவணங்கள் பெரும்பாலும் சேர்க்கை எண்ணைத்தான் மதிப்பின் அடையாளமாகக் கொள்கின்றன. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது எண்ணுவதற்கு எளிது. வேறு பிரிவில் இடம் கிடைக்காமல் சேர்ந்தவரும் விரும்பிச் சேர்ந்தவரும் அந்த எண்ணில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

ஃபாஸ்டரின் மறுப்பு

1965இல் ஃபிலிப் ஃபாஸ்டர் கானாவை வைத்து எழுதிய கட்டுரை இந்த விவாதத்தில் இன்றும் கடக்க முடியாத ஒன்று. அங்கே ஆங்கிலேய ஆட்சியாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வேளாண்மையையும் கைத்தொழிலையும் பள்ளியில் புகுத்த முயன்றார்கள். முயற்சிகள் தொடர்ந்து தோற்றன. காரணம் பிள்ளைகளின் மனப்பாங்கு என்று சொல்லப்பட்டது. ஃபாஸ்டர் அதைத் தலைகீழாக்கினார். எழுத்தர் வேலைக்கும் உழவுக்கும் கிடைத்த வருமானத்தைப் பார்த்தால், ஏட்டுக் கல்விதான் அங்கே மெய்யான தொழிற்கல்வியாக இருந்தது; மாணவர்கள் அதைச் சரியாகவே கணித்தார்கள் என்றார். பாடத்திட்டத்தை மாற்றி ஆசைகளை மாற்ற முடியாது, வேலைச் சந்தை மாறினால் ஆசைகள் தாமாக மாறும் என்பது அவர் முடிவு.

இந்த வாதத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் சான்றுகள் வந்தன. சாகரோபூலசும் லாக்ஸ்லியும் 1985இல் கொலம்பியா, தான்சானியா நாடுகளின் பலவகைப் பாடத்திட்டப் பள்ளிகளை ஆராய்ந்து, கூடுதல் செலவுக்கேற்ற பலன் வேலைச் சந்தையில் தெளிவாகத் தெரியவில்லை என்றார்கள். மறுபுறம் கென்யாவின் பள்ளிகளில் தொழிற்பாடங்களை ஆராய்ந்த யோன் லௌக்லோவும் ஆண்டர்ஸ் நார்மனும் அப்பாடங்கள் மாணவரிடையே நல்ல பெயர் பெற்றிருந்ததைக் கண்டார்கள். மாணவர் ஒரு பாடத்தை விரும்பலாம், ஆனால் அதன் வழியே வேலைக்குப் போக எண்ணாதிருக்கலாம். இந்த இரண்டும் வேறு வேறு என்பதை ஃபாஸ்டரின் வாதம் போதிய அளவு பிரித்துப் பார்க்கவில்லை என்பதே அதன் முதன்மையான குறை.

இங்கிலாந்தில் பால் வில்லிஸ் 1977இல் எழுதிய நூல் இன்னொரு கோணத்தைத் தந்தது. தொழிலாளர் வீட்டுப் பையன்கள் பள்ளியின் வாக்குறுதியை ஏன் நம்பவில்லை என்பதை அவர்களோடு பழகி எழுதினார். சான்றிதழ் தங்கள் வகுப்பின் நிலையை மாற்றாது என்ற அவர்களின் பார்வையில் உண்மை இருந்தது. அந்தப் பார்வையே அவர்களை மறுபடியும் ஆலைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு பாடத்துக்கு மாணவர் தரும் குறைந்த மதிப்பு ஒரே நேரத்தில் சரியான கணிப்பாகவும் தமக்கே கேடாகவும் அமையலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நூல் குறைவு. ஆனால் பெண் பிள்ளைகளைப் பற்றி அது ஏறக்குறைய மௌனம். செவிலியப் பிரிவிலும் ஆடை வடிவமைப்புப் பிரிவிலும் மாணவியரே அதிகம் சேரும் தமிழ்நாட்டுக்கு அதைக் கொண்டுவரும்போது இந்த விடுபாடு பெரிதாகிறது.

மனத்தை அளக்கும் கோல்கள்

உளவியலில் இக்கதை 1928இல், மனப்பாங்கை அளக்க முடியும் என்று எல். எல். தர்ஸ்டன் தலைப்பிலேயே அறிவித்த கட்டுரையோடு தொடங்குகிறது என்று சொல்லலாம். 1932இல் ரென்சிஸ் லைக்கர்ட் அந்த வேலையை எளிதாக்கினார். ஒரு கூற்று, அதற்கு நேரே முற்றிலும் ஏற்கிறேன் என்பதிலிருந்து முற்றிலும் மறுக்கிறேன் என்பது வரை ஐந்து கட்டங்கள். இன்று பள்ளிகளுக்கு வரும் எந்தக் கருத்தறிதல் படிவத்திலும் இந்த ஐந்து கட்டங்களைப் பார்க்கலாம்.

பாடங்களுக்கென்று தனிக் கோல்கள் முதலில் கணிதத்துக்கே உருவாயின. லூயிஸ் ஐக்கன் 1974இல் கணிதத்தில் கிடைக்கும் மகிழ்ச்சியையும் அதற்குத் தரும் மதிப்பையும் இரு தனி அளவுகளாகப் பிரித்தார். 1976இல் எலிசபெத் ஃபென்னிமாவும் ஜூலியா ஷெர்மனும் வெளியிட்ட தொகுப்பில் கணிதத்தின் பயன் பற்றிய ஒரு கோலும் இருந்தது. மாணவியர் உயர் கணிதத்தைத் தேர்ந்தெடுக்கத் தயங்குவது ஏன் என்பதே அக்காலத்தின் பெரிய கேள்வி.

அதே கேள்வியிலிருந்துதான் ஜாக்குலின் எக்லசும் அவருடைய குழுவினரும் 1983இல் முன்வைத்த எதிர்பார்ப்பு–மதிப்புக் கோட்பாடு பிறந்தது. இன்று இத்துறையின் பொது மொழியே அதுதான். ஒருவர் ஒரு வேலையைத் தேர்ந்தெடுப்பது, அதில் வெற்றி பெறுவேன் என்ற எதிர்பார்ப்பையும் அதற்குத் தரும் மதிப்பையும் பொறுத்தது. மதிப்புக்கு நான்கு கூறுகள்: செய்யும்போதே கிடைக்கும் ஈடுபாடு; நான் யார் என்பதோடு அது பொருந்தும் அளவு; பின்னாளில் அதனால் ஆகும் பயன்; அதற்காகக் கொடுக்க வேண்டிய விலை. பால் பின்ட்ரிச் குழுவினர் 1991இல் வெளியிட்ட கற்றல் ஊக்க வினாத்தொகுப்பில் பாட மதிப்புக்கென ஆறு கூற்றுகள் இருந்தன. உலகெங்கும் அதிகம் மொழிபெயர்க்கப்பட்ட தொகுப்புகளில் அதுவும் ஒன்று. ஜெர்மனியில் ஹன்னா காஸ்பார்டும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் இந்த நான்கு கூறுகளையும் இன்னும் நுண்ணிதாகப் பிரித்தார்கள். பயன் என்றால் யாருக்கு, எப்போது? பள்ளித் தேர்வுக்கா, அன்றாட வாழ்வுக்கா, வேலைக்கா, நண்பரிடையே மதிப்புப் பெறவா? இக்கேள்விகள் தொழிற்கல்விக்கு மிகவும் வேண்டியவை. வெல்டிங் வேலைக்குப் பயன்படும் என்று ஒரு மாணவர் உறுதியாக நம்பலாம். அதே மாணவர் வெல்டர் என்ற பெயர் கல்யாணச் சந்தையில் எடுபடாது என்றும் உறுதியாக நம்பலாம். ஒரே பயன் மதிப்பாக இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நடுவில் ஓர் எண் வரும். அந்த எண் இரண்டில் எதையும் சொல்லாது.

நான்காம் கூறான விலை நீண்ட காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பல வினாத்தொகுப்புகள் அதை விட்டுவிட்டு மற்ற மூன்றையே அளந்தன. பாரனும் ஹல்லமனும் அதைத் தனித் தூணாக நிறுத்த வேண்டும் என்று வாதிட்டார்கள். ஜெசிகா ஃப்ளேக்கும் குழுவினரும் 2015இல் விலைக்கென்றே ஒரு கோலை அமைத்தார்கள். பாடம் கேட்கும் உழைப்பு, பாடத்துக்கு வெளியே இழுக்கும் மற்றப் பொறுப்புகள், அதனால் விட்டுக்கொடுக்க வேண்டியவை, மனச்சுமை என்று அது பிரித்தது.

இரண்டாவது வகை, வெளிப் பொறுப்புகளின் விலை, கொல்லிமலைக்கு மையமானது என்று கருதுகிறேன். காப்பி பறிப்பும் மிளகு அறுவடையும் மார்கழி தொடங்கிப் பங்குனிப் பக்கம் வரை வீட்டின் எல்லாக் கைகளையும் கேட்கும். மேல்நிலை செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் விழுவது மாசி, பங்குனியில். வளைவுச் சாலையில் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரம், விடுதியில் தங்குவதால் வீடு இழக்கும் உழைப்பு, கீழே நகரப் பட்டறையில் பயிற்சிக்குப் போனால் ஆகும் வாடகை, எல்லாம் விலைதான். இவற்றைக் கேட்காமல் பாடம் முக்கியமா, சுவையானதா என்று மட்டும் கேட்கும் கோல், மலைப் பிள்ளையையும் நாமக்கல் நகரப் பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்தி, முன்னவருக்கு ஊக்கம் குறைவு என்று எழுதிவிடும்.

கட்டங்களின் ஓட்டைகள்

இத்தகைய கோல்களின் மீதான குறைகளில் சில எல்லா ஊருக்கும் பொதுவானவை. ஆசிரியர் கையால் தரும் படிவத்தில், அவர் பாடம் பயனற்றது என்று எழுதும் மாணவர் அரிது. உள்மதிப்பெண் அந்த ஆசிரியர் கையில் இருக்கும் செய்முறைப் பாடத்தில் இன்னும் அரிது. எதைக் கேட்டாலும் ஆம் என்று குறிக்கும் பழக்கம் வேறு. இவை பழைய சிக்கல்கள். பெயர் எழுதாத படிவம், எதிர்மறைக் கூற்று, வெளியார் நடத்தும் நேர்காணல் என்று ஓரளவு மருந்தும் உண்டு.

தீராத சிக்கல் ஒப்பீடு. பன்னாட்டுக் கணித அறிவியல் ஆய்வான டிம்ஸில் ஒரு விந்தை மீண்டும் மீண்டும் தென்படுகிறது. ஒரு நாட்டுக்குள் பார்த்தால், கணிதத்தை மதிப்பவர்கள் நன்றாகவும் செய்கிறார்கள். நாடுகளை ஒப்பிட்டால் இது தலைகீழாகிறது. தேர்ச்சியில் முன்னிற்கும் ஜப்பான், கொரியா, தைவான் மாணவர்கள் கணிதத்தை மதிப்பதாகச் சொல்வது குறைவு. பின்தங்கிய பல நாடுகளில் மிக அதிகம். ஒவ்வொருவரும் தம்மைச் சுற்றி இருப்பவரை அளவாகக் கொண்டே கட்டத்தை நிரப்புகிறார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் ஒரு விளக்கம். கற்பனை ஆசிரியர்களை விவரித்து, அவர்களை மதிப்பிடச் சொல்லி, அந்தப் பதில்களைக் கொண்டு மாணவரின் மற்றப் பதில்களைச் சரிப்படுத்தும் முறையைப் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டு ஆய்வான பீசா 2012இல் முயன்று பார்த்தது. அது ஓரளவு உதவியது. தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் அதற்கு முந்தைய சுற்றின் நீட்சியில் கலந்துகொண்டன. 2011 இறுதியில் வெளியான முடிவுகளில் இரண்டும் பட்டியலின் அடியில் இருந்தன. அதன் பிறகு இந்தியா அடுத்த சுற்றுகளிலிருந்து விலகியது. விலகியதற்கு ஆதரவாகப் பேசப்பட்டவற்றில், வினாக்கள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்பதும் ஒன்று. அதில் நியாயம் உண்டு. ஆனால் பொருந்தும் வினாக்களை நாமே அமைத்துத் தொடர்ந்து கேட்டிருக்க வேண்டும் என்ற கடமையை அந்த நியாயம் நீக்கிவிடாது.

ஒரு பாடத்துக்குத் தரும் மதிப்பு மற்றப் பாடங்களைப் பார்த்தே அமைகிறது என்பதை ஹெர்பர்ட் மார்ஷ், யென்ஸ் மோலர் ஆகியோரின் ஆய்வுகள் சுட்டுகின்றன. மொழியில் சிறந்தவர் கணிதத்தில் தம்மைக் குறைத்து மதிப்பிடுவார், கணித மதிப்பெண் மோசமில்லாவிட்டாலும். தொழிற்பிரிவு மாணவருக்கு இன்னோர் ஒப்பீடும் இருக்கிறது: பக்கத்து அறையில் அறிவியல் பிரிவில் படிப்பவர். ஆகவே தனிப் படிவத்தில் வேளாண் அறிவியலுக்கு ஐந்தில் நான்கு தருபவர், எந்தப் பிரிவில் சேர விரும்பியிருப்பாய் என்று கேட்டால் வேறு பதில் தரலாம். இரண்டு பதில்களில் ஒன்று பொய் என்று கொள்ள வேண்டியதில்லை. அவை இரு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

இன்னொன்றும் உண்டு. வினாத்தொகுப்புகளில் பயன் என்றால் அனேகமாக எனக்கு ஆகும் பயன். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி செல்லும் மாணவர்கள், படிப்பைத் தம் வீட்டுக்கும் சமூகத்துக்கும் செய்யும் கைம்மாறாகக் காண்பது அதிகம் என்று நிக்கோல் ஸ்டீவன்ஸ், ஸ்டெஃபனி ஃப்ரைபர்க் குழுவினர் 2012இல் அமெரிக்காவில் எழுதினார்கள். பழங்குடி ஊர்களில் இதைக் கேட்காத கோல் பாதி மதிப்பைத் தவறவிடக்கூடும்.

சொல்வதும் செய்வதும்

படிவத்தை நம்பாதவர்கள் நடத்தையை அளக்கச் சொல்கிறார்கள். வருகைப் பதிவு, விருப்பப் பாடத் தேர்வு, செய்முறைக் கூடத்தில் கழிக்கும் நேரம், படிப்பு முடிந்தபின் எந்த வேலைக்குப் போனார் என்பன. சொல்லைவிடச் செயல் உண்மையானது என்பது இதன் அடிப்படை. பொருளியலாளர்களுக்கு இது பழக்கமான வழி.

இந்த வழியின் எல்லையைக் கொல்லிமலையே அழகாகக் காட்டுகிறது, பள்ளிக்கு வெளியே. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்களில் கடந்த சில பத்தாண்டுகளில் மரவள்ளி பரவியது. இந்த மாற்றத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் எலிசபெத் ஃபின்னிஸ் 2007இல் எழுதிய கட்டுரையில் ஒரு முரணைப் பதிவு செய்கிறார். உழவர்கள் சிறுதானியத்தை உணவாக உயர்வாகவே பேசினார்கள். ஆனால் பயிரிட்டது மரவள்ளி. கையில் பணம் வர வேறு வழி குறைவு, சிறுதானியத்தைக் குத்திப் புடைப்பது பெண்களுக்குப் பெரும் உழைப்பு. 1990களிலிருந்து அங்கே பணியாற்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அரவை இயந்திரங்களையும் சுய உதவிக் குழுக்கள் வழி விற்பனையையும் கொண்டுவந்தது, உழைப்பின் சுமையைக் குறைத்து வருமானத்தைக் கூட்ட. நிலத்தை மட்டும் பார்த்து இவர்கள் சாமையை மதிக்கவில்லை என்று எழுதியிருந்தால் அது பிழையாகியிருக்கும். செயல் மதிப்பை மட்டும் காட்டுவதில்லை, விலையையும் சேர்த்தே காட்டுகிறது. இரண்டையும் பிரிக்க, சொல்லையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஐ.டி.ஐ. படிப்பை நடுவில் விடுபவர் விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். மலைமீதே அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருப்பது பயணத்தின் விலையைக் குறைக்கிறது. ஆனால் பயிற்சிக்குப் பிந்தைய வேலை பெரும்பாலும் கீழே, நாமக்கல்லிலோ ஓசூரிலோ சென்னைப் பக்கத்திலோதான். ஒருவர் வெல்டிங்கை விட்டு மிளகுத் தோட்டத்துக்குத் திரும்பினால், அது பாடத்தின் மேல் உள்ள மதிப்புக் குறைவா, ஊரின் மேல் உள்ள மதிப்பு மிகுதியா என்பதை வருகைப் பதிவேடு சொல்லாது.

மதிப்பை வளர்க்க முயன்ற சோதனைகள்

அளவீட்டை ஒதுக்கிவிட்டு, மதிப்பை மாற்றிப் பார்த்தே அதைப் புரிந்துகொள்ள முயன்றவர்களும் உண்டு. கிறிஸ் ஹல்லமனும் ஜூடித் ஹராகேவிச்சும் 2009இல் வெளியிட்ட சோதனையில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினர் அறிவியல் பாடத்தைத் தம் வாழ்வோடு தொடர்புபடுத்தி எழுதினார்கள்; மற்றவர்கள் பாடச் சுருக்கம் எழுதினார்கள். வெற்றியில் நம்பிக்கை குறைவாக இருந்தவர்களுக்கு முதல் வேலை ஆர்வத்தையும் மதிப்பெண்ணையும் கூட்டியது. பிறகு எலிசபெத் கேனிங்கோடு ஹராகேவிச் 2015இல் செய்த ஆய்வுகள் ஒரு முக்கியத் திருத்தத்தைக் கொண்டுவந்தன: பயனை மாணவரே கண்டு எழுதினால் நன்மை, ஆசிரியர் எடுத்துச் சொன்னால், தன்னால் முடியாது என்று நினைப்பவருக்கு அது மேலும் அச்சத்தையே தரக்கூடும்.

இது நம் பள்ளிகளுக்கு நேரடியாகப் பொருந்துவதாகத் தோன்றும். தொழிற்கல்வியின் சிறப்பைப் பற்றிய சொற்பொழிவுகளுக்கு இங்கே குறைவில்லை. எனினும் அந்தச் சோதனைகள் நடந்த இடங்களில் பாடத்தின் பயன் ஏற்கெனவே அங்கே இருந்தது. மாணவர் அதைக் காணாமல் இருந்தார், அவ்வளவே. பயன் இல்லாத இடத்தில் அதை எழுதிப் பார்க்கச் செய்வது பிள்ளையை ஏமாற்றும் வேலையாகிவிடும். பழைய இயந்திரத்தில் பயிற்சி தந்துவிட்டு, கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரங்கள் உள்ள ஆலைக்கு அனுப்பும் நிலையில், மாணவரின் ஐயத்தைப் போக்குவதைவிட இயந்திரத்தை மாற்றுவதே நேர்மை.

எந்தப் பாடத்தின் மதிப்பு?

தொழிற்கல்வி மாணவரின் பாடங்கள் என்று ஒன்றாகப் பேசுவதே பல ஆய்வுகளின் குறை. மேல்நிலைத் தொழிற்பிரிவில் தமிழ், ஆங்கிலம், துறை சார்ந்த ஒரு துணைப்பாடம், தொழிற்பாடத்தின் கருத்தியல் தாள், செய்முறை ஆகியவை உண்டு. ஐ.டி.ஐ.யில் ட்ரேட் தியரி, ட்ரேட் பிராக்டிகல், பட்டறைக் கணக்கும் அறிவியலும், பொறியியல் வரைபடம், வேலைவாய்ப்புத் திறன்கள். இவற்றில் பிராக்டிகலை விரும்பி, தியரியைத் தேர்வுக்காகப் பொறுத்துக்கொள்வது பல நாடுகளில் காணப்படும் போக்கு.

ஆஸ்திரேலியக் கல்வியாளர் லீசா வீலஹன் 2010இல் எழுதிய நூல் இந்தப் போக்கைக் கொண்டாட வேண்டாம் என்கிறது. வேலைக்குத் தேவையான திறன்களை மட்டும் கொடுத்து, அவற்றின் பின்னுள்ள கோட்பாட்டு அறிவை மறுத்தால், தொழிற்கல்வி மாணவர் தம் துறையைப் பற்றிய விவாதங்களில் பங்குகொள்ளும் ஆற்றலையே இழக்கிறார் என்பது அவர் வாதம். இதை ஏற்றால் ஒரு சங்கடம் எழுகிறது. மாணவர் குறைவாக மதிக்கும் தாளே அவருக்கு நெடுங்காலம் தேவைப்படுவதாக இருக்கலாம். ஓம் விதியைப் பிராக்டிகலில் கைப்பழக்கமாக மட்டும் அறிந்த எலக்ட்ரீஷியன், சூரிய மின்தகடுகளும் இன்வெர்ட்டரும் வந்தபோது மறுபடியும் படிக்க வேண்டியவராகிறார். இப்படிப் பார்த்தால் மாணவரின் மதிப்பீட்டை அப்படியே பாடத்திட்டக் கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டு, நீண்டகாலத்துக்கு எது நல்லதென்று எங்களுக்குத் தெரியும் என்று பெரியவர்கள் சொல்லத் தொடங்கினால், 1953இன் மனநிலை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

துணைப்பாடத்தின் நிலை வேறு. பொறியியல் சேர்க்கையிலும் வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் தொழிற்பிரிவு மாணவருக்கென்று தனி இடங்கள் உண்டு. அந்த வழியைப் பற்றி அறிந்த மாணவருக்குக் கணிதமோ உயிரியலோ கதவைத் திறக்கும் பாடம். அறியாதவருக்கு வெறும் சுமை. ஒரே பள்ளியில் ஒரே பாடத்துக்கு இரு மாணவர் தரும் மதிப்பில் உள்ள வேறுபாடு, இங்கே ஆர்வத்தைவிடச் செய்தி யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதைப் பொறுத்திருக்கலாம். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழிகாட்டல் பணியை மதிப்பிட விரும்புவோர் இதை ஒரு நல்ல சோதனைக் களமாகக் கொள்ளலாம்.

தீராமல் நிற்பவை

இதுவரை பார்த்தவற்றில் சில ஓரளவு உறுதிப்பட்டவை. மதிப்பு பல கூறுகளால் ஆனது. விலையைச் சேர்க்காத அளவீடு எளிய குடும்பத்துப் பிள்ளைகளைத் தவறாகக் காட்டும் வாய்ப்பு அதிகம். பள்ளிகளையோ வட்டாரங்களையோ கட்டங்களின் சராசரியால் வரிசைப்படுத்துவது நம்பத் தகுந்ததன்று. ஒரே மாணவரின் பாடங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டையும், ஒரே மாணவரிடம் காலப்போக்கில் ஏற்படும் மாற்றத்தையும் பார்க்க இக்கோல்கள் கூடுதலாகப் பயன்படுகின்றன.

தீராதவை மூன்று என்று எனக்குப் படுகிறது. ஒன்று, காலம். படிக்கும்போது தரும் மதிப்பும் வேலையில் ஐந்தாண்டு கழிந்தபின் தரும் மதிப்பும் எவ்வளவு ஒத்துப்போகின்றன? பெரும்பாலான கோல்கள் வகுப்பறையில் தொடங்கி வகுப்பறையிலேயே முடிகின்றன. பழைய மாணவரைத் தேடிப் போவது செலவான வேலை. மலையிலிருந்து பிழைப்புக்குப் பல திசையில் சென்றவர்களைத் தேடுவது இன்னும் செலவானது. அதனாலேயே அவர்களின் மதிப்பீடு கணக்கில் வராமல் போகிறது.

இரண்டு, ஃபாஸ்டரின் கேள்வியும் எக்லசின் கோட்பாடும் சேரும் இடம். மாணவர் தரும் குறைந்த பயன் மதிப்பில் எவ்வளவு சந்தையைப் பற்றிய சரியான அறிவு, எவ்வளவு தவறான செய்தி, எவ்வளவு சாதியோடும் பழங்குடி அடையாளத்தோடும் ஒட்டிய இழிவு? எக்லசும் விக்ஃபீல்டும் 2020இல் தம் கோட்பாட்டுக்குச் சூழல் சார்ந்தது என்ற அடைமொழியைச் சேர்த்தது இத்திசையில் ஒரு படி. கோட்பாடு நகர்ந்த அளவுக்குக் கோல்கள் நகரவில்லை. வட்டாரத்தின் உண்மையான கூலி, வேலை வாய்ப்பு விவரங்களை மாணவரின் பதில்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டுமே இந்த மூன்றையும் பிரிக்கத் தொடங்க முடியும். லாரிக் கூண்டுப் பட்டறையில் வெல்டருக்கு என்ன கூலி, பருவத்தில் மிளகு பறிக்க என்ன கூலி என்பதைக் கேட்காத ஆய்வு, காரவள்ளிக்கு மேலே கிடைக்கும் எந்த எண்ணையும் விளக்க முடியாது.

மூன்றாவது, எண் கிடைத்தபின் அது யார் கைக்குப் போகும் என்பது. ஒரு பள்ளியில் வேளாண் அறிவியலுக்கு மாணவர் தரும் மதிப்பு குறைந்துவருகிறது என்று அளவீடு காட்டினால், தேவை இல்லை என்று பிரிவை மூடவும் அதை மேற்கோள் காட்டலாம்; ஆய்வுக்கூடமும் நிரந்தர ஆசிரியரும் கேட்கவும் அதையே மேற்கோள் காட்டலாம். அளவீட்டு நூல்கள் கருவியின் நம்பகத்தன்மையைப் பற்றி நிறையப் பேசுகின்றன, முடிவின் பயன்பாட்டைப் பற்றிக் குறைவாக. படிவத்தை நிரப்பிய மாணவர்களிடமே முடிவைத் திரும்பக் காட்டி, இதற்கு என்ன பொருள் என்று கேட்கும் படியை முறையாகச் சேர்த்த ஆய்வுகள் அரிது. அந்தப் படி முடிவுகளை எவ்வளவு மாற்றும் என்பதைச் செய்து பார்த்தே அறிய வேண்டும்.